ஓடும் முன் ஒரு பன்

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மூன்று கிலோமீட்டர். நடுவில் நிற்கவில்லை, நடக்கவில்லை. தூத்துக்குடி பீச் ரோட்டில், நாற்பத்தொரு வயதில், ஷிப்பிங் ஏஜென்சி நாற்காலியிலேயே பாதி ஆயுளை உட்கார்ந்து கழித்த இந்த பியூலா ஓடினேன். ஓடி முடித்ததும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தேன். அடக்க முடியவில்லை. மீன் வாங்கப் போன ஒரு அம்மா என்னை ஒருமாதிரி பார்த்துக்கொண்டே போனார்.

இதையெல்லாம் எழுதிவைக்கச் சொன்னது சண்முகவடிவு. எதிர்வீட்டுக்காரி, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஜூன் மாதம் எங்கள் தெருப் பெண்களைத் திரட்டி, "சும்மா பேசிக்கிட்டே நடப்போம்" என்றுதான் கூட்டிப்போனாள். இப்போது ஜனவரியில் துறைமுகச் சாலையில் நடக்கப்போகும் பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்துக்கு என் பெயரையும் கொடுத்துவிட்டாள்.

வீட்டில் இன்னொரு அதிசயம். இவர், ஜெபசிங், பேக்கரிக்காரர். நடுச்சாமத்தில் போய் அடுப்பு பற்றவைத்தால் காலையில் நான் ஆபீஸ் கிளம்பிய பிறகுதான் வீடு திரும்புவார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். நான் ஓட ஆரம்பித்த பிறகு முதல் தட்டு பன் வெந்தவுடன் ஒன்றைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு விடியுமுன் வந்துவிடுகிறார். வெறும் வயிற்றோடு ஓடக் கூடாதாம். நான் தின்று முடிக்கும்வரை உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். எங்களுக்குள் பேச இவ்வளவு இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 27

நான்கு கிலோமீட்டர். கடைசியில் உள்ளங்கை அரித்தது, கழுத்தில் தடிப்புத் தடிப்பாகச் சிவந்தது. வேர்க்குருவாக இருக்கும். வீட்டுக்கு வந்து குளித்ததும் போய்விட்டது. நான்கு கிலோமீட்டர் என்று இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன்.

செப்டம்பர் 3

பேக்கரி அடுப்பு ரிப்பேர். பன் இல்லை, இவரும் வரவில்லை. வெறும் வயிற்றோடு போய் ஐந்து கிலோமீட்டர் ஓடினேன். உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. அரிப்பு இல்லை.

செப்டம்பர் 9

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

ஞாயிறு என்பதால் ஆறு கிலோமீட்டர் என்று முடிவு செய்திருந்தோம். புறப்படும்போது எனக்கு அவ்வளவு உற்சாகம். இவர் அன்று பன்னுக்குள் வெண்ணெய் தடவி, சர்க்கரை தூவிக் கொண்டுவந்திருந்தார். பாதித் தூரத்தில் காது மடல் சுட்டது. உதடு கனத்தது. வடிவு திரும்பிப் பார்த்தவள் பயந்துபோய், "அக்கா, ஒங்க மொகம் என்ன இப்படி வீங்கியிருக்கு?" என்றாள். பதில் சொல்ல வாயெடுத்தேன், தொண்டை அடைத்தது. அப்புறம் ரோடு என் பக்கமாக எழும்பி வந்தது.

கண் திறந்தபோது ஆஸ்பத்திரி. தொடையில் ஊசி போட்டிருந்தார்கள். இவர் கட்டில் பக்கத்தில் நின்றார். முழங்கை வரைக்கும் மாவு. கழுவாமல் ஓடிவந்திருக்கிறார். என் கையைப் பிடிக்க வந்து, தன் கையைப் பார்த்துவிட்டு, சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

செப்டம்பர் 12

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஐஜிஇ என்று ஒன்று. ஒவ்வாமையில் உடம்பு தயாரிக்கிற எதிர்ப்புப் பொருளாம். நூறை ஒட்டி இருக்கவேண்டியது எனக்கு ஆயிரத்து நூற்று நாற்பது. எங்கள் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். குடலில் பூச்சி இருந்தாலும் இது ஏறும் என்று பூச்சி மாத்திரை கொடுத்தார். எதனால் ஒவ்வாமை என்று பார்க்க இன்னும் ரத்தம் எடுத்தார்கள்.

பயப்படவேண்டும்தான். ஆனால் உண்மையைச் சொன்னால், பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் எண்பதைத் தாண்டாதவள் நான். ஆயிரத்து நூற்று நாற்பது என்று வடிவிடம் சொன்னபோது கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

செப்டம்பர் 20

பிடிபட்டுவிட்டது. இறால், கரப்பான் பூச்சி, வீட்டுத் தூசியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி, இந்த மூன்றுக்கும் என் ரத்தத்தில் எதிர்ப்பு இருக்கிறதாம். பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை ஒன்றுக்கும் இல்லை. மைதாவும் கோதுமைதானே, அதற்கு இல்லை என்றதும் இவர் சத்தமாகவே ஸ்தோத்திரம் சொன்னார். பேக்கரிக்காரன் பெண்டாட்டிக்குக் கோதுமை ஆகாது என்றால் ஊர் சிரிக்குமே.

ஆக, இறால் கூடாது. தூத்துக்குடியில் இருந்துகொண்டு. நான் தின்னாததைத் தானும் தின்னமாட்டேன் என்று இவரும் நிறுத்திவிட்டார். மெத்தை உறை, தலையணை உறை எல்லாம் வெந்நீரில் அலசிக் காயப்போட்டேன். கை ஓய்ந்துவிட்டது. விழுந்த நாளிலிருந்து ஒரு மாதம் ஓட வேண்டாம் என்று உத்தரவு.

அக்டோபர் 4

அரிப்பு இல்லை, வீக்கம் இல்லை. நேற்று கல்யாண வீட்டில் பரோட்டா நான்கு, இன்று ஆபீசில் பப்ஸ். உடம்பு கல் மாதிரி இருக்கிறது. இறால்தான் குற்றவாளி. நாளை மறுநாள் திரும்பவும் ஓடப்போகிறேன். ஊர்த் திருவிழாவுக்குக் காத்திருக்கும் சின்னப்பிள்ளை மாதிரி இருக்கிறது எனக்கு.

அக்டோபர் 6

ஓடினேன். விடியுமுன் இவர் பழையபடி பன்னோடு வந்தார். ஒரு மாதத்துப் பேச்சு பாக்கி இருந்தது.

கொஞ்சம் அரிப்பு. பெரிதாக ஒன்றுமில்லை. வடிவு வீட்டில் மாத்திரை போட்டுப் படுத்திருந்துவிட்டு, முகம் வற்றிய பிறகு வீட்டுக்கு வந்தேன். இவரிடம் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

அக்டோபர் 14

மறைக்க முடியவில்லை. நேற்று மறுபடியும் விழுந்தேன், மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் ஊசி. இறால் வாசனைகூடப் படாமல் இத்தனை நாள் இருந்தும்.

வீட்டுக்கு வந்ததும் இவர் என் ஓட்ட ஷூவை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டார். கோபமாகப் பேசவில்லை. "இனி ஓட்டமே வேண்டாம் பியூலா. என்னால முடியல" என்று மட்டும் சொன்னார்.

வடிவு மாலையில் வந்தாள். மதுரையில் ஒவ்வாமைக்கென்றே ஒரு டாக்டரம்மா இருக்கிறாராம். முதல் டாக்டரும் போய்ப் பார்த்துவிடுவது நல்லது என்று சொல்லிவிட்டார்.

அக்டோபர் 26, சனி

இன்று மதுரையிலிருந்து திரும்பும்போது பஸ்சில் கால் தரையில் நிற்கவில்லை எனக்கு. இவருக்குத் தீபாவளிப் பலகார ஆர்டர், அதனால் வடிவோடு போனேன்.

டாக்டர் ஃபௌசியாவுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். ரத்த முடிவுகளைப் பார்த்ததும் ஓரமாக வைத்துவிட்டார். மொத்த ஐஜிஇ அதிகமாக இருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றார். சிறுவயதில் கரப்பான் என்கிற தோல் புண் இருந்திருந்தாலும் ஏறியிருக்கும், குடலில் பூச்சி இருந்தாலும் ஏறும், தும்மல்காரர்களுக்கும் ஏறும். "தெருவில எத்தன பேர் நிக்கிறாங்கன்னுதான் இந்த நம்பர் சொல்லும். யார் கையில கல்லு இருக்குன்னு சொல்லாது" என்றார்.

இறாலைப் பற்றிக் கேட்டேன். நாற்பது வருஷமாகத் தின்று ஒன்றும் ஆகாதவளுக்கு ரத்தத்தில் மட்டும் தெரிந்தால் அது ஒவ்வாமை நோய் ஆகிவிடாதாம். தூசிப் பூச்சியிலும் கரப்பான் பூச்சியிலும் இறாலிலும் ஒரே சாயலுள்ள ஒரு புரதம் இருக்கிறது. ஒன்றுக்கென்று உண்டான எதிர்ப்பு மற்றதையும் பார்த்துக் குரைக்கும். "தாராளமா இறால் சாப்பிடுங்க" என்றார். வடிவு என் தொடையில் கிள்ளினாள்.

பிறகு கேள்விகள் தொடங்கின. விழுந்தது எந்த நேரம், வெயில் இருந்ததா, வேகமாக ஓடினேனா, வலி மாத்திரை ஏதாவது போட்டேனா. கேட்கக் கேட்க அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து வந்தார்.

"ஓடுறதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். ஒரு பன் மட்டும்தான்."

"எல்லா நாளுமா?"

"அவுக கொண்டாந்த எல்லா நாளும்."

"கொண்டு வராத நாள்ல ஓடியிருக்கீங்களா?"

அடுப்பு ரிப்பேரான நாளைச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார். கோதுமையில் ஒரு புரதம் உண்டாம். உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு தின்றாலும் சிலருக்கு ஒன்றும் செய்யாது. தின்றுவிட்டு ஓடினால்தான் அது உடம்பைப் புரட்டும். கொஞ்ச தூரம் மெதுவாக ஓடினால் தெரியாமலும் போகும். வழக்கமான கோதுமைப் பரிசோதனையில் பல சமயம் அகப்படாது, அந்தப் புரதத்தை மட்டும் தனியாகத் தேட வேண்டும். அதற்காக ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

பன்னாக இருக்காது. டாக்டர்கள் எல்லாக் கோணத்திலும் பார்க்கத்தானே செய்வார்கள். இவரிடம், நல்ல டாக்டர், இறால் தின்னலாம் என்றார் என்று சொன்னேன். ஒரே சந்தோஷம். ஒரு கிலோ வாங்கிவந்துவிட்டார்.

நவம்பர் 6

டாக்டர் போன் செய்தார். அந்தப் புரதம்தான். அளவு மிக அதிகம். ஆபீசில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்றுவிட்டேன். காரணம் தெரிந்துவிட்டது, ஓடலாம், கோதுமையை ஓட்டத்திலிருந்து தள்ளி வைத்தால் போதும் என்றார். மருத்துவமனையிலேயே ஒரு தடவை தின்ன வைத்து ஓட வைத்து உறுதி செய்துகொள்ளலாம் என்றும் சொன்னார்.

டாக்டர் என்ன சொன்னார் என்று மாலையில் இவர் கேட்டார். கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பேரீச்சையும் திராட்சையும் ஊறப்போடுகிற நேரம், கையெல்லாம் பிசுபிசுப்பு. நான், ஓட்டம் உடம்புக்குச் சேரவில்லையாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவசரத்தில் அப்படி வந்துவிட்டது. நேரம் பார்த்துச் சரியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இவர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

நவம்பர் 10

பீச் ரோட்டில் போய் நின்று வடிவும் தெருப் பெண்களும் ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்தேன். எல்லோருடைய தண்ணீர்ப் பாட்டில்களையும் நான் வைத்துக்கொண்டேன். நாற்பத்தொரு வயதில் பத்துக் கிலோமீட்டர் ஓடி யாருக்கு என்ன ஆகப்போகிறது. எனக்கு வருத்தமெல்லாம் இல்லை.

நவம்பர் 15

ஓடப் போகாததால் பன்னும் வருவதில்லை. இவர் பழையபடி நான் ஆபீஸ் போன பிறகுதான் வீட்டுக்கு வருகிறார். விடியுமுன் விழிப்பு வந்துவிடுகிறது. இரண்டு டம்ளர் காபி போட்டுவிட்டு ஒன்றைக் கொட்டினேன்.

நவம்பர் 17, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

கோயிலிலிருந்து வந்து சாப்பிட்டு முடித்திருந்தோம். வடிவு போட்டியைப் பற்றி ஏதோ கேட்டதாக நான் சொல்லப்போக, இவர், "அதான் டாக்டரே ஓடக் கூடாதுன்னுட்டாவளே" என்றார். இனி அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு எனக்கு இருக்க முடியவில்லை.

"டாக்டர் அப்படிச் சொல்லல. ஓடலாம்னுதான் சொன்னாங்க. பன்னு தின்னுட்டு ஓடக் கூடாதுன்னாங்க."

"எந்தப் பன்னு?"

"நீங்க கொண்டாந்த பன்னு."

 இவருக்குக் கோபம் வந்தது. எங்க அப்பா காலத்திலிருந்து இந்த மாவுதான் இந்த வீட்டுக்குச் சோறு போடுகிறது, பரோட்டா தின்றால் ஒன்றும் செய்யாதாம், நான் கொடுத்தால் மட்டும் செய்யுமாம் என்றார். முதல் பரிசோதனையில் கோதுமை இல்லை என்று வந்ததே என்றார். டாக்டர் சொன்னதை எல்லாம் நானும் சொன்னேன். தின்பதும் ஓடுவதும் சேர்ந்தால்தான், தனித்தனியாக ஒன்றுமில்லை என்று. பாதியிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நவம்பர் 18

பேச்சு இல்லை.

நவம்பர் 20

நேற்று இரவு சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "விழுந்த அன்னைக்கு எல்லாம் நான் கொடுத்து அனுப்பினேனே. வெண்ணெய் வேற தடவி."

"அப்ப உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"ஒனக்குத் தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

நான் சொன்னேன், பன் நின்றுபோனால் நீங்கள் காலையில் வீட்டுக்கு வரமாட்டீர்கள் என்று நினைத்தேன் என்று. இந்த வரியை எழுதவே வெட்கமாக இருக்கிறது, அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொன்னேனோ.

அவர் எழுந்து கை கழுவிவிட்டு வந்து, டாக்டரின் போன் நம்பரைக் கேட்டார்.

டிசம்பர் 3

மதுரை.  

வழக்கமாக எதைத் தின்றேனோ அதையே கொண்டுவரச் சொல்லியிருந்தார் டாக்டர். அதனால் இன்றைக்கான பன்னை இவரே போட்டார். அதே மாவு, அதே எடை. பஸ்சில் மடியில் வைத்துக்கொண்டு ஏதோ வெடிபொருள் மாதிரி பிடித்திருந்தார்.

முதலில் வெறும் வயிற்றோடு ஓடும் இயந்திரத்தில் ஏற்றினார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஓய்வு கொடுத்து, பிற்பகல் பன்னைத் தின்னச் சொன்னார்கள். அரைமணி நேரம் உட்காரவைத்துவிட்டு மறுபடியும் ஏற்றினார்கள். கையில் ஊசிக் குழாய் செருகியிருந்தது, ஒரு நர்ஸ் ஊசியோடு தயாராக நின்றார். நான் ஓடினேன். இவர் எதிரே சுவரோடு சாய்ந்து என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் பார்த்தது இவர்தான். நர்சுக்கு முன்னாலேயே சொன்னார். "வருது."

கழுத்திலிருந்து கைக்குத் தடிப்புகள் ஓடின. இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். உதடு கனக்கத் தொடங்கியதும் தொடையில் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கியது. டாக்டர் ஃபௌசியாவுக்கும் எனக்கும் பரீட்சையில் தேறிய பிள்ளைகள் மாதிரி சிரிப்பு. இத்தனை மாதம் என் உடம்பு சொல்லிக்கொண்டிருந்ததை இன்று எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டோம்.

இவர் சிரிக்கவில்லை. டாக்டரிடம் அந்த ஊசியை எப்படிப் போடுவது என்று கேட்டார்.

டிசம்பர் 9

சட்டங்கள் இவை. ஓடுகிற நாளுக்கு முந்தைய இரவிலிருந்தே கோதுமை கிடையாது. மற்ற நேரங்களில் தின்றால் ஐந்தாறு மணி நேரம் ஓடவோ மாடிப்படி ஏறி இறங்கவோ கூடாது. தனியாக ஓடவே கூடாது. மருந்து நிரப்பிய ஊசி என் இடுப்புப் பையில் இருக்க வேண்டும், போடத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். போட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

வடிவு கற்றுக்கொண்டாள். இவரும் கற்றுக்கொள்கிறார். பேக்கரியில் பிசைந்த மாவை உருட்டி, வெறும் ஊசியில் தண்ணீர் நிரப்பிக் குத்திக் குத்திப் பழகுகிறாராம். வேலை செய்கிறவர்கள் முதலாளிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்களாம்.

விடியுமுன் வருகிறார். இப்போது வாழைப்பழமும் அரிசிக் கஞ்சியும். கஞ்சி கட்டி தட்டியிருக்கிறது. அவருக்கு அரிசி பழக்கமில்லை. நான் கட்டியோடு குடித்துவிடுகிறேன்.

டிசம்பர் 22

எட்டுக் கிலோமீட்டர். மழைத்தூறலில். தடிப்பு ஒன்றுகூட இல்லை. வீட்டுக்கு வந்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஜனவரி 11

போட்டி நடத்துகிறவர்களிடம் இவர் போயிருக்கிறார். என் பின்னாலேயே பைக்கில் வர அனுமதி கேட்டாராம். வண்டிகளை விடமாட்டோம், ஓடுகிறவர்கள் மட்டும்தான் பாதையில் இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"அப்ப என் பேரையும் எழுதிக்கோங்கன்னுட்டேன்" என்று சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

இவருக்கு நாற்பத்தேழு வயது. பேக்கரிக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக்கூட பைக்கில்தான் போவார். டாக்டரிடம் போய் இதயம் பரிசோதித்து, நடக்கலாம் என்று சொன்ன பிறகுதான் வடிவு சம்மதித்தாள். நான் சிரித்து முடிக்க இரவாகிவிட்டது.

ஜனவரி 19, ஞாயிறு

நெஞ்சில் எண் அட்டையை ஊக்கால் குத்திக்கொண்டு கூட்டத்தில் நின்றோம். நான், வடிவு, தெருப் பெண்கள், எங்களுக்குப் பின்னால் இவர், இடுப்பில் இரண்டாவது ஊசிப்பையோடு. துப்பாக்கி வெடித்ததும் முதல் வளைவு வரை என்னோடு வந்தார். அதற்குள் மூச்சு வாங்கியது. நான் வேகத்தைக் குறைத்தேன்.

"நீ போ. வடிவு இருக்காள்ல. நான் பின்னாலேயே வாறேன்" என்றார்.

போனேன். உப்பளக் காற்று முகத்தில் அடித்தது. லாரிக்காரர்கள் ஓரங்கட்டி நின்று ஹார்ன் அடித்தார்கள். ஆறு கிலோமீட்டர் தாண்டியதும் எனக்குப் பயமே இல்லை. எட்டில் தொடை கல்லானது. ஒன்பதில் வடிவு என்னை விட்டுப் போகாமல் திட்டிக்கொண்டே வந்தாள். முடிவுக் கோட்டைத் தாண்டியபோது ஒரு மணி நேரம் பதினாறு நிமிஷம் என்று பலகையில் தெரிந்தது. கழுத்தில் பதக்கத்தை மாட்டினார்கள். கையைப் பார்த்தேன், கழுத்தைத் தடவினேன். வியர்வைதான், வேறொன்றும் இல்லை.

இவரைக் காணோம். கூட்டம் வந்துகொண்டே இருந்தது, பிறகு ஒவ்வொருவராக, பிறகு ஒருவருமில்லை. பந்தலைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் வந்த வழியே திரும்பி நடந்தேன்.

தூரத்தில் ஓர் ஆம்புலன்ஸ் ஊர்ந்து வந்தது. நடையை எட்டிப் போட்டேன். கிட்டே போனதும்தான் தெரிந்தது, கடைசி ஆளுக்குப் பின்னால் வருகிற வண்டி அது. அதற்கு முன்னால் கடைசி ஆளாக இவர் நடந்து வந்துகொண்டிருந்தார். ஒரு கையால் இடுப்புப்பையைப் பிடித்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, "ஒடம்பு என்ன செய்யி? அரிக்கா?"

"இல்லங்க. ஒண்ணும் இல்ல."

"எனக்கு நெஞ்சுல அரிக்கி" என்றார்.

பதறிப்போய் சட்டையை விலக்கிப் பார்த்தேன். எண் அட்டையை மாட்டிய ஊக்கு திறந்துகொண்டு வழி முழுக்கக் குத்திக்கொண்டு வந்திருக்கிறது. சரியாக மாட்டிவிட்டேன். ஆம்புலன்ஸ் டிரைவர் தலையை நீட்டி, "ஏறிக்கிடுதீகளா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்லய்யா. இவளுக்கு மருந்து கொண்டுட்டு வாறேன்" என்றார் இவர்.

டிரைவர் என் கழுத்துப் பதக்கத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பாதி பிரித்த பந்தல் கண்ணுக்குத் தெரிந்தது. வடிவும் மற்றவர்களும் அங்கே நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு பேர் பார்க்கும்போது நடந்தா போவது என்று கேட்டார் இவர்.

ஓடினோம்.